ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு ருசித்ததா?

தம்பி, பதில் நீளமாகப் போகும். அதை அப்புறம் படித்துக்கொள்ளலாம். முதலில் மாமாவை ஆட்டோவில் ஏற்றி ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே பார்த்து, டிரிப்ஸ் ஏறத் தொடங்கிய பிறகு மீதியைப் படியுங்கள்.

மற்றவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இவருடைய அக்கா வீட்டுக்காரருக்கு வயது 34. காசிமேட்டில் ஐஸ் உடைத்து மீன் பெட்டி கட்டும் வேலை. ஞாயிறு ராத்திரி குளிரோடு காய்ச்சல் ஆரம்பித்தது. திங்கள் காலையே பக்கத்து லேபில் ரத்தம் கொடுத்தார். வைடால் என்ற ரத்தச் சோதனை பாசிட்டிவ், 'டைபாய்டு' என்று ஊசி தொடங்கிவிட்டார்கள். புதன்கிழமை டெங்கு ஐ.ஜி.எம். பார்த்ததில் நெகட்டிவ். இன்று வெள்ளி. காலையில் காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனால் ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் 86,000-க்கு இறங்கியிருக்கிறது. விடிந்ததிலிருந்து நாலு வாந்தி, மேல்வயிறு வலி, எழுந்து உட்காரச் சொன்னாலும் படுத்தே கிடக்கிறார். "காய்ச்சல்தான் விட்டுடுச்சே, மீதி ஊசியை வீட்டிலேயே போட்டுக்கலாமா? இது டெங்குவா, டைபாய்டா, எலிக்காய்ச்சலா, எப்படித் தெரிஞ்சுக்கிறது?" என்று கேட்கிறார்.

அந்தக் "காய்ச்சல்தான் விட்டுடுச்சே"தான் என்னைப் பயமுறுத்தியது. கொருக்குப்பேட்டையில் 22 வருஷமாகக் கிளினிக் வைத்திருக்கிறேன். காய்ச்சல் 103 அடிக்கும்போது ஓடி வருகிறவர்களைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை கிடையாது. காய்ச்சல் விட்டதும் நிம்மதியாகி, ரசம் சாதம் பிசைந்து கொடுத்துவிட்டு, "அசதிதான், தூங்கட்டும்" என்று விட்டுவிடுகிற வீடுகள்தான் கவலை. டெங்குவில் முதல் மூன்று நான்கு நாள் காய்ச்சல் கொளுத்தும். ஆபத்து வருவது அது இறங்குகிற நேரத்தில். எல்லோருக்கும் இல்லை, சிலருக்குத்தான். அந்தச் சிலருக்கு ரத்தக்குழாய்ச் சுவர் சல்லடை மாதிரி ஆகி, ரத்தத்தில் உள்ள நீர் வயிற்றுக்கும் நெஞ்சுக்கூட்டுக்கும் கசியத் தொடங்கும். குழாய்க்குள் மிச்சமிருக்கும் ரத்தம் கெட்டியாகும், பிரஷர் இறங்கும், கைகால் சில்லிடும். கையைத் தொட்டுப் பார்க்கிற வீட்டுக்காரர்கள் "பாரு, ஜில்லுன்னு இருக்கு, சரியாயிடுச்சு" என்பார்கள். இந்தக் கசிவு ஒன்றிரண்டு நாள்தான் இருக்கும். அந்த ஒன்றிரண்டு நாளை மருத்துவமனையில் அளந்து அளந்து டிரிப்ஸ் ஏற்றிக் கடத்திவிட்டால் அநேகமாக எல்லோரும் பிழைத்துக்கொள்கிறார்கள்.

சாதாரணக் காய்ச்சல் விட்டால் ஆள் தெளிய வேண்டும். பசிக்கிறது என்பார், டிவி போடு என்பார். காய்ச்சல் விட்டும் ஆள் துவண்டால் கணக்கே வேறு. விடாத வாந்தி, வயிற்று வலி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுத்த மலம், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, அரைத் தூக்கக் கிறக்கம் என்று இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. உங்கள் மாமாவுக்கு மூன்று இருக்கிறது.

இனி, எப்படிப் பிரித்தறிவது என்ற கேள்விக்கு வருகிறேன்.

அறிகுறிப் பட்டியலை வைத்துக்கொண்டு பிரிக்கவே முடியாது. டெங்கு, மலேரியா, டைபாய்டு, எலிக்காய்ச்சல், உண்ணிக் காய்ச்சல், ஃப்ளூ என்று எதை எடுத்தாலும் காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி, வாந்தி, பசியின்மைதான். எல்லா ஊர்ப் பேருந்துக்கும் ஒரே பலகை மாட்டிய மாதிரி. பேப்பரில் 'மர்மக் காய்ச்சல்' என்று போடுவார்களே, அதில் பாதிக்கு மேல் மர்மம் ஒன்றும் இருக்காது. சரியான நாளில் சரியான சோதனை பார்க்காமல் விட்ட பழைய காய்ச்சல்தான். எனவே நான் முதலில் தெரிந்துகொள்ளப் பார்ப்பது இது காய்ச்சலின் எத்தனையாவது நாள் என்பதைத்தான்.

இது சுலபமான கேள்வி இல்லை. "மூணு நாளா சார்" என்பார்கள். மாத்திரை போட ஆரம்பித்து மூன்று நாளா, வேலைக்குப் போகாமல் மூன்று நாளா, உடம்பு சுட்டு மூன்று நாளா என்று அவர்களுக்கே தெரியாது. அதனால் சுற்றி வளைத்துக் கேட்பேன்: "ஞாயித்துக்கிழமை வீட்ல என்ன குழம்பு? நல்லா சாப்ட்டியா?" நம்ம பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டை யாரும் மறப்பதில்லை. "கறிக்குழம்பு சார், ஆனா வாய்ல வைக்க முடியல, கசந்துச்சு" என்றால் காய்ச்சல் அன்றைக்கே உள்ளே வந்துவிட்டது. "ரெண்டாவது வாட்டி போட்டு சாப்ட்டேன்" என்றால் அதற்குப் பிறகுதான். அங்கிருந்து விரல் விட்டு எண்ணுவேன். காய்ச்சல் வந்த நாளே முதல் நாள். உங்கள் மாமாவுக்கு ஞாயிறு ஒன்று, வெள்ளி ஆறு.

இந்த எண் தெரிந்தால் அந்த இரண்டு ரிப்போர்ட்டும் என்ன லட்சணம் என்று புரிந்துவிடும். டெங்கு ஐ.ஜி.எம். என்பது வைரஸுக்கு எதிராக உடம்பு தயாரிக்கும் எதிர்ப்புப் பொருள். அது ரத்தத்தில் தட்டுப்படப் பெரும்பாலோருக்கு ஐந்து நாளாவது ஆகும். புதன்கிழமை, அதாவது நாலாம் நாள், அது நெகட்டிவ் என்று வந்ததற்கு 'டெங்கு இல்லை' என்று அர்த்தமே கிடையாது; 'இன்னும் தெரியாது' என்றுதான் அர்த்தம். அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டியது என்.எஸ்.1. அது வைரஸின் சொந்தப் புரதம். முதல் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை நன்றாகக் காட்டும், பிறகு மங்கிவிடும். ஏற்கெனவே ஒரு முறை டெங்கு வந்தவர்களுக்குச் சீக்கிரமே மங்கும். இன்று பார்த்தால் என்.எஸ்.1 நெகட்டிவ் ஆக வாய்ப்பு அதிகம், ஐ.ஜி.எம். பாசிட்டிவ் ஆக வாய்ப்பு அதிகம். ஆள் அதே ஆள், நோயும் அதே நோய், இரண்டு நாளில் ரிப்போர்ட் தலைகீழ்.

வைடாலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் எனக்குக் கோபம் வரும். 1896-ல் வந்த சோதனை. டைபாய்டு கிருமிக்கு எதிரான எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது. டைபாய்டிலும் அது ஒரு வாரம் கழித்துத்தான் ஏறும். திங்கள் காலை, காய்ச்சல் வந்து பன்னிரண்டு மணி நேரத்தில், பாசிட்டிவ் வந்தால் அது இந்தக் காய்ச்சலைப் பற்றிய செய்தியே அல்ல. என்றோ குடித்த தண்ணீரின் பழைய கணக்கு. நம்ம ஊரில் நன்றாக நடமாடுகிற ஆட்களைப் பிடித்துப் பார்த்தாலும் 1:80 என்ற அளவில் பாசிட்டிவ் நிறையப் பேருக்கு வரும். ஆனாலும் காய்ச்சல் என்று நுழைந்தால் லேபில் 'ஃபீவர் பேக்கேஜ்' என்று எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துவிடுகிறார்கள். அதில் ஏதாவது ஒன்று பாசிட்டிவ் வந்துதானே தீரும்? வந்ததற்கு வைத்தியம். வைரஸ் காய்ச்சல் ஐந்தாறு நாளில் தானாக விட்டுவிடும். பெயர் ஊசிக்குப் போகும். இப்படித்தான் வண்ணாரப்பேட்டையில் ஒரே ஆளுக்கு ஒன்பது முறை டைபாய்டு வந்திருக்கிறது.

உண்மையான டைபாய்டு இவ்வளவு அவசரக்காரன் இல்லை. முதல் நாளே 103 அடித்து நடுங்க வைக்காது. மாடிப்படி ஏறுகிற மாதிரி ஒவ்வொரு நாள் சாயங்காலமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். நாக்கில் வெள்ளையாகப் படியும், ஓரம் மட்டும் சிவப்பாக இருக்கும். சிலருக்கு மலச்சிக்கல், சிலருக்குப் போக்கு. காய்ச்சல் ஏறுகிற அளவுக்கு நாடித்துடிப்பு ஏறாது. ஆள் மந்தமாகக் கிடப்பார். ஐந்தாறு நாளாகியும் சளி, இருமல் எதுவும் இல்லாமல் காய்ச்சல் மட்டும் தினமும் ஏறிக்கொண்டே போகிறது என்றால்தான் நான் டைபாய்டை நினைப்பேன். அப்போதும் வைடால் இல்லை, பிளட் கல்ச்சர். ஆன்டிபயாடிக்கின் முதல் ஊசிக்கு முன்னால் ரத்தம் எடுக்க வேண்டும். ரிசல்ட்டுக்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும், ஆனால் எந்த மருந்து கேட்கும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடும். டைபாய்டு உறுதியானால் மருந்தை முழுசாக முடிக்க வேண்டும். இரண்டு மூன்று வாரம் கவனிக்காமல் விட்டால் குடலில் ஓட்டை விழலாம்.

அடுத்ததாக, கடந்த மூன்று வாரம் உடம்பு எங்கெங்கே இருந்தது என்று கேட்பேன். கொசுவைப் பற்றிய ஒரு பெரிய தப்பான எண்ணத்தை இங்கேயே தீர்த்துவிடுகிறேன். பக்கிங்காம் கால்வாய், கேப்டன் காட்டன் கால்வாய், ஓட்டேரி நல்லா ஓடை ஓரத்தில் சாயங்காலம் காதைச் சுற்றி ரீங்காரமிடுகிற கூட்டம் க்யூலெக்ஸ். சாக்கடைத் தண்ணீரில் வளர்வது. ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும், யானைக்கால் பரப்பும், ஆனால் டெங்குவும் மலேரியாவும் அது கொண்டுவருவதில்லை. டெங்குக் கொசு ஏடிஸ். உங்கள் வீட்டு நீல டிரம்மில், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டில், மொட்டைமாடியில் போட்ட டயரில், நல்ல தண்ணீரில் வளர்ந்து பகலில் கடிப்பது. மலேரியாக் கொசு அனாஃபிலஸ் ஸ்டீஃபன்சை. கிணற்றிலும் மூடி இல்லாத மேல்நிலைத் தொட்டியிலும் வளரும் நகரத்துக் கொசு. கால்வாய் நாறுகிறது என்று கார்ப்பரேஷனைத் திட்டிவிட்டு வீட்டுத் தொட்டியைத் திறந்துபோட்டிருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். கால்வாயைத் திட்டுவதும் நியாயம்தான், அது வேறு வழக்கு.

எலிக்காய்ச்சலுக்குக் கொசுவே வேண்டாம். எலியும் பெருச்சாளியும் (மாடு, நாய்கூட) சிறுநீரில் லெப்டோஸ்பைரா என்ற கிருமியை விடும். அது தேங்கிய தண்ணீரில் உயிரோடிருக்கும். காலில் பித்தவெடிப்போ சின்னச் சிராய்ப்போ இருந்தால் போதும், உள்ளே போய்விடும். வெறுங்காலோடு ஈரத்தில் நிற்கிற தொழில்கள் எல்லாம் இதற்குத் திறந்த கதவு: மீன் மார்க்கெட், ஆட்டுத்தொட்டி (ஆடு அறுக்கும் இடம்), மாட்டுக்கொட்டகை, துப்புரவுப் பணி. பெருமழைக்குப் பிறகு தொழில் பேதமும் இல்லை. வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் முழங்கால் தண்ணீரில் நடந்த எல்லோரும் கணக்கில் சேர்த்தி. தண்ணீர் வடிந்து ஒன்றிரண்டு வாரத்தில் வருகிற காய்ச்சலைப் பார்க்கும்போது நான் இதை மறப்பதில்லை. உங்கள் மாமாவின் வேலையைப் படித்ததும் டெங்குவுக்கு அடுத்து என் மனசில் வந்தது இதுதான்.

சில வருஷத்துக்கு முன்னால் மீன் ஏற்றுகிற ஒருவர் வந்தார். கண் ரெண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தது. வேறொரு இடத்தில் 'மெட்ராஸ் ஐ' என்று சொட்டு மருந்து கொடுத்திருந்தார்கள். நாலு நாளாகக் காய்ச்சல், மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரையில் ஓட்டிக்கொண்டிருந்தார். இமையை விலக்கிப் பார்த்தேன்: பீளை இல்லை, ஒட்டல் இல்லை, உறுத்தலும் இல்லையாம். வெள்ளை விழியில் சிவப்பு நரம்புகள் மட்டும் பரவிக் கிடந்தன. மெட்ராஸ் ஐ என்றால் காலையில் இமை ஒட்டிக்கொள்ளும். கெண்டைக்கால் சதையை லேசாக அமுக்கினேன். காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, "சார், அத்த மட்டும் தொடாத சார், உயிரே போவுது" என்றார். பெஞ்சிலிருந்து இறங்கும்போது நுனிக்காலால் நடந்தார். ரத்தத்தில் வெள்ளணு 16,000, பிளேட்லெட் குறைவு, சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் கிரியாட்டினின் ஏறத் தொடங்கியிருந்தது. அன்றைக்கே சேர்த்ததால் சிறுநீரகம் தப்பித்தது. இரண்டு நாள் தள்ளியிருந்தால் கண் சிவப்பின் மேல் மஞ்சளும் ஏறியிருக்கும்.

அந்த வெள்ளணு எண்ணிக்கையைக் கவனியுங்கள். எல்லோரும் பிளேட்லெட் வரியையே பார்க்கிறார்கள். பிளேட்லெட் டெங்குவில் குறையும், எலிக்காய்ச்சலிலும் குறையும், மலேரியாவிலும் உண்ணிக் காய்ச்சலிலும் குறையும். அதை வைத்து நோயைச் சொல்ல முடியாது. அதே தாளில் மேலே இருக்கிற மொத்த வெள்ளணு நிறையச் சொல்லும். டெங்குவில் பெரும்பாலும் 4,000-க்குக் கீழே சரியும். எலிக்காய்ச்சலில் பெரும்பாலும் ஏறும். பி.சி.வி. என்று இன்னொரு வரி இருக்கும். ரத்தம் எவ்வளவு கெட்டி என்பதன் அளவு. நேற்று 40 இருந்தது இன்று 48 என்றால் கசிவு ஆரம்பித்துவிட்டது. பிளேட்லெட் 86,000 இருந்தாலும் சரி, ஒரு லட்சத்து இருபதாயிரம் இருந்தாலும் சரி. டெங்குவில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் இந்தக் கசிவுதான். பிளேட்லெட் குறைந்துவிட்டது என்று பிளேட்லெட் பாக்கெட்டுக்காக அலைகிற சொந்தக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பதற்குள் வாய் வலித்துவிடும். ரத்தக்கசிவு இல்லாதவருக்கு 10,000-க்குக் கீழே போகும் வரை பொதுவாகப் பிளேட்லெட் ஏற்றத் தேவையில்லை.

பப்பாளி இலைச் சாறு, நிலவேம்புக் கஷாயம் கேட்பீர்கள். நான் தடுப்பதில்லை, சண்டையும் போடுவதில்லை. வாந்தி வராமல் குடிக்க முடிந்தால் குடியுங்கள். ஆனால் கசிவு தொடங்கிய ஆளுக்கு அது வேலைக்காகாது. கஞ்சி, இளநீர், ஓ.ஆர்.எஸ். மூன்றும் என் கணக்கில் அதைவிட உசத்தி.

மலேரியா இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது. ஒரு காலத்தில் தமிழ்நாட்டு மலேரியாவில் பெரும்பங்கு சென்னையில்தான், அதிலும் நம்ம வடக்குப் பக்கம் முன்னணி. குறைந்ததால் இப்போது யாரும் நினைப்பதில்லை, அதுதான் சங்கடம். பாடப்புத்தகத்தில் 'ஒரு நாள் விட்டு ஒரு நாள்' என்று இருக்கும். நம்ம பெரியவர்கள் 'முறைக்காய்ச்சல்' என்று பெயர் வைத்ததும் அதனால்தான். ஆனால் முதல் சில நாள் முறை தவறித்தான் அடிக்கும். பல் கிட்டித்துப்போகிற குளிர், இரண்டு போர்வை போட்டாலும் கட்டில் ஆடும், பிறகு கொதிக்கும், பிறகு சட்டை நனைய வியர்த்துக் காய்ச்சல் விடும். விட்டபின் ஆள் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார்! அடுத்த நாள் ஒன்றும் இருக்காது. அதற்கடுத்த நாள் ஏறக்குறைய அதே நேரத்துக்குத் திரும்பவும் குளிர்.

இதற்கு விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் போதும். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாக எடுக்கிறார்கள். மைக்ராஸ்கோப்பில் நான் பார்த்ததைச் சொல்கிறேன்: சிவப்பணுக்கள் ஒரே அளவில் சில்லறைக் காசு கொட்டின மாதிரி கிடக்கும். நடுவே ஒன்று மட்டும் பக்கத்தில் இருப்பதைவிடப் பெரிதாக உப்பி, உள்ளே கல் வைத்த மோதிரம் போல ஒரு வளையம். அது வைவாக்ஸ், நம்ம ஊரில் பெரும்பாலும் இதுதான். வாழைப்பழம் போல வளைந்த ஒன்று தெரிந்தால் ஃபால்சிபாரம், மூளையைத் தாக்கக்கூடியது. ஒடிசா, சத்தீஸ்கர், ஜார்க்கண்ட் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு எண்ணூர், மணலி வந்த தம்பிகளிடம் இதைத் தேட மறக்கக் கூடாது. ஊர் எது, கடைசியாக எப்போது போய் வந்தாய் என்று அரைகுறை இந்தியிலாவது கேட்டுவிடுவேன். முதல் ஸ்மியர் (கண்ணாடியில் தேய்த்துப் பார்க்கிற ரத்தச் சொட்டு) நெகட்டிவ் என்றால் குளிர் வரும்போது மறுபடி எடுக்க வேண்டும், ஒன்றோடு விடக்கூடாது.

வைவாக்ஸில் ஒரு குறும்பு உண்டு. ரத்தத்தில் இருப்பது செத்தாலும் ஈரலில் சில தூங்கிக்கொண்டிருக்கும். அதை அழிக்கத்தான் ப்ரைமாகுயின் 14 நாள். ஒரு ஆட்டோக்காரர் வருஷத்தில் மூன்று முறை மலேரியாவோடு வந்தார். "எங்க ஏரியா கொசு அப்படி சார்" என்றார். மூன்றாம் முறை மீதி மாத்திரையை எடுத்துவரச் சொன்னேன். நாலு மாத்திரை மட்டும் பிய்த்த அட்டை, அதே மாதிரி மூன்று. காய்ச்சல் விட்ட அன்றைக்கே வண்டி எடுக்கப் போயிருக்கிறார். கொசு பாவம். (இந்த மாத்திரையை எல்லோரும் தானாக வாங்கிப் போடக் கூடாது, கர்ப்பிணிகளுக்கு ஆகாது, ஜி6பி.டி. என்ற நொதி குறைவானவர்களுக்குச் சிவப்பணு உடையும்.)

உண்ணிக் காய்ச்சலுக்கு ஒரே ஒரு சம்பவம் சொல்கிறேன். கொடுங்கையூர் அம்மா, ஐம்பதைத் தாண்டியவர். ஒன்பது நாளாகக் காய்ச்சல், கையில் எட்டு ரிப்போர்ட், எல்லாம் நெகட்டிவ். செய்யாறு பக்கம் குலதெய்வம் கோவிலுக்குப் போய்ப் பொங்கல் வைத்து, புல்லில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்து மூன்று வாரம் ஆகவில்லை. சிஸ்டரை மறைவில் உடம்பு முழுக்கப் பார்க்கச் சொன்னேன். மார்புக்குக் கீழே, பீடியால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு, சுற்றிச் சிவப்பு. வலியே இல்லை. "பிளவுஸ் இறுக்கிப் புண்ணாயிட்டுச்சுன்னு இருந்தேன்" என்றார். புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சியின் குஞ்சு கடித்த இடம் அது. டாக்ஸிசைக்ளின் கொடுத்து இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டது. எட்டு ரிப்போர்ட்டுக்கு ஆன செலவில் அந்த மாத்திரையை வருஷத்துக்கு வாங்கலாம். அக்குள், தொடை இடுக்கு, தொப்புள், மார்புக்கு அடியில் என்று துணி மறைக்கிற இடத்தில்தான் இது இருக்கும். எல்லோருக்கும் இருக்காது, இருந்தால் அதற்கு மேல் சோதனைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

சிக்குன்குனியாவைக் கண்டுபிடிக்க டாக்டரே வேண்டாம். கை மூட மாட்டேன் என்கிறது, காலையில் பாத்ரூமுக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போகிறார், விரல் கணு வீங்கியிருக்கிறது என்றால் அது. சிலருக்குக் காய்ச்சல் போனபிறகு மூக்கு கறுத்துப்போகும். 1964-லேயே சென்னைக்கு வந்த விருந்தாளி. நடுவே பல வருஷம் காணாமல் போய் 2006-ல் திரும்பியது. உயிரை எடுப்பது அரிது, பொறுமையை எடுக்கும். ஃப்ளூவும் கொரோனாவும் தொண்டை, மூக்கு, இருமலோடு வரும், வீட்டில் வரிசையாகப் படுக்கும். டெங்குவில் மூக்கொழுகல் பொதுவாக இருக்காது.

தொற்றுக்காய்ச்சல் என்றால் கொசுவும் எலியும் மட்டும் இல்லை. பெண்களுக்குக் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் என்றால், மலேரியா பார்க்கிற கையோடு சிறுநீரும் பாருங்கள். விலாவுக்குக் கீழே முதுகில் தட்டினால் வலிக்கிறதென்றால் சிறுநீரகத்தில் சீழ்த்தொற்று. சாயங்காலம் மட்டும் லேசாகச் சுடும், ராத்திரி வியர்க்கும், எடை குறையும், இரண்டு வாரம் தாண்டிவிட்டது என்றால் சளிப் பரிசோதனை. நம்ம தெருக்களில் காசநோயை மறந்துவிட்டு எந்தக் காய்ச்சலையும் பேச முடியாது. கழுத்தை முன்னால் மடக்க முடியவில்லை, பிதற்றல், வலிப்பு என்றால் எதையும் யோசிக்காமல் மருத்துவமனை.

எந்தக் காய்ச்சல் என்று தெரியாத முதல் சில நாளில் பாராசிட்டமால் தவிர வேறு வலிமாத்திரை வேண்டாம். பெரியவர்களுக்கு 500 அல்லது 650, ஆறு மணி நேர இடைவெளி. உடம்பு வலி தாங்கவில்லை என்று இடுப்பில் டைக்ளோஃபினாக் ஊசி, குழந்தைக்கு மெஃபனமிக் சிரப், ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் என்று போனால், டெங்குவாக இருக்கும் பட்சத்தில் வயிற்றில் ரத்தம் கசியலாம். 'ஒரே ஊசியில் காய்ச்சல் நிற்கும்' என்று எங்கேயாவது சொன்னால் அதில் ஸ்டீராய்டு இருக்கலாம். காய்ச்சலை மறைக்கும், நோயைப் போக்காது.

உங்கள் மாமா விஷயத்துக்கு வருகிறேன். ஆறாம் நாள், காய்ச்சல் இறக்கம், வாந்தி, வயிற்றுவலி: டெங்குக்கே அதிக வாய்ப்பு. தொழிலைப் பார்த்தால் எலிக்காய்ச்சலும் சேர்ந்தே சந்தேகம். இரண்டும் ஒரே ஆளுக்கு வராது என்று சட்டம் இல்லை. திங்கள்கிழமை போட்ட டைபாய்டு ஊசி எது என்று தெரியவில்லை. அந்த வகை ஊசிகளில் சில எலிக்கிருமியையும் அடக்கும், அதனால் படம் கொஞ்சம் குழம்பியிருக்கும். டைபாய்டு என்று மட்டும் நான் நம்பவில்லை. ஆனால் இன்று ராத்திரிக்குள் பெயர் தெரிந்தாக வேண்டும் என்று இல்லை. பிரஷர், பி.சி.வி., சிறுநீர் அளவு, கிரியாட்டினின் இந்த நாலையும் பார்த்துக்கொண்டே டிரிப்ஸை அவர்கள் ஓட்டுவார்கள், டெங்குவுக்கும் எலிக்காய்ச்சலுக்குமான ஐ.ஜி.எம். இரண்டும் அப்புறம் மெதுவாக வரட்டும்.

நம்ம ஆயாக்கள் இன்னமும் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்கிற அந்த ஸ்டான்லியில் எமர்ஜென்சி வாசலில் இருக்கிற இளம் டாக்டருக்கு நேரம் இருக்காது. ரிப்போர்ட்களைத் தேதி வரிசையில் அடுக்கிக் கையில் வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் சொல்லுங்கள்: "ஞாயிறு ராத்திரி காய்ச்சல் ஆரம்பம், இன்னிக்குக் காலைல விட்டது, நாலு வாந்தி, வயித்து வலி, காசிமேட்ல வெறுங்கால்ல வேலை, கடைசியா ஒன்னுக்குப் போனது இத்தனை மணிக்கு." வேறு மருந்துக்கடை மாத்திரை ஏதாவது கொடுத்திருந்தால் வெட்கப்படாமல் அட்டையோடு காட்டுங்கள். திங்கள்கிழமை போட்ட ஊசியின் பெயரைப் போன் பண்ணிக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அக்காவிடம் வீட்டில் இரண்டு வேலை சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். பிள்ளைகளுக்கு உடம்பு சுட்டால் அன்றைய தேதியைக் காலண்டரில் வட்டம் போட வேண்டும். தண்ணீர் டிரம்மைக் கொட்டினால் மட்டும் போதாது, உள் ஓரத்தைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும். ஏடிஸ் முட்டை அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது.